விஞ்செஸ்டர்ப் பழங்கோயிலும் அடித்தளத் தொண்டும்

சைவ நூற்பொருள்களை ஆராய்தற்கென்றே அமைந்த இத்திங்கள் வெளியீட்டில், கடல்கடந்த ஆங்கில நாட்டிலுள்ள கிறித்தவக் கோயில் ஒன்றனைக் குறித்து அடியேன் எழுதப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். யாவர் எவ்வடிவில் எப்பெயரிட்டு வழிபடினும், அவ்வழிபாட்டை ஏற்றுப் பயன் அளிப்பவன் எங்கும் நிறைந்த இறைவன் ஒருவனே என்பது நம் சித்தாந்தத் துணிபாதலின், பிற சமயத்தார் எடுத்த கோயிலை அன்புடன் காண்டல் நமக்கு இழுக்காகாது. அன்றியும், ஈண்டு யான் எழுதுவது அச்சமயத்தின் கொள்கை பற்றியதன்று. அக்கோயிலின் வரலாறும், அதனைச் சூழ்ந்த இடங்களின் இயல்பும், அங்கு நின்றபொழுது என் உள்ளத்திற் பட்ட ஓர் அடியுமே ஈண்டுக் கூறப்படும்.

முதற்கண் என் குற்றத்தைச் சொல்லிவிடுதல் முறை. பொருநையாற்றின் கரையில் எங்கள் ஊரில் பழைய சிவன்கோயில் ஒன்று உண்டு. அதன் தென்மதில் ஊற்றுநீரால் அடிமண் கரைந்து ஒருபுறமாகச் சாய்ந்தது. ஊரார் கூடித் திருப்பணி தொடங்கினர். ஆசிரியத் தொழிலினின்று ஓய்வுபெற்றிருந்த யான் கணக்கெழுதும் பொறுப்பை ஏற்று, நான்காண்டுகள் நாடோறும் கோயிலுக்குச் சென்று, கல்லும் சுண்ணமும் கூலியும் ஆகிய எல்லாவற்றிற்கும் கணக்கு வைத்தேன். குடமுழுக்கு நன்னாளில் திருப்பணிக்கு உதவியோர் பெயர்கள் பொறித்த கல் திறக்கப்பட்டது. அதில் என் பெயர் கடைசி வரியில், தந்தையார் பெயரின் முதலெழுத்தும் பிழையாக, பொறிக்கப்பட்டிருந்தது. யான் மண்டபத்தில் பலர் முன்னிலையில் கடுஞ்சொற் பேசினேன். அன்று மாலைத் திருவுலாவிற்கும் நில்லாது வீடு திரும்பினேன். அதன்பின் மூன்றாண்டுகள் அக்கோயில் வாயிலை மிதித்திலேன். உள்ளத்தே கோயில் எடுத்த பூசலார் நாயனாரை என் சினத்திற்குத் துணையாக அழைத்து, ‘வீட்டிலிருந்தே வழிபடலாகாதோ?’ என்று என்னையே ஏமாற்றிக் கொண்டேன். ஓதுவார் இருமுறை வந்து அழைத்தார். இருமுறையும் உடல்நலமில்லை எனப் பொய் கூறினேன்.

இந்நிலையில் ஆங்கில நாட்டின் தென்கரையிலுள்ள சவுத்தாம்ப்டன் நகரில் பணிபுரியும் என் மகன், கார்காலத்திற்குப் பின் சில திங்கள் தன்னுடன் வந்து தங்குமாறு என்னை அழைத்துச் சென்றான். மார்கழித் திருவாதிரை நாள் வந்தது. அன்று விடியலில் வீட்டின் சிறு பூசையறையில் கூத்தப்பெருமான் திருவுருவப் படத்தின்முன் அமர்ந்தபொழுது, ஊரில் நடைபெறும் திருமுழுக்கும் களியின் மணமும் நினைவில் எழுந்து என்னை வருத்தின. என் முகவாட்டத்தைக் கண்ட மகன், “அப்பா, இன்று எனக்கு விடுமுறை. இருபது நிமிடம் புகைவண்டியில் சென்றால் விஞ்செஸ்டர் என்னும் பழைய நகரம் இருக்கிறது. தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையான கோயில் ஒன்று அங்கே உண்டு. பார்த்து வருவோமே” என்றான். பத்து வயதுப் பேத்தியும், “தாத்தா, அந்தக் கோயிலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும், நாங்கள் பள்ளியிலிருந்து போய்ப் பார்த்தோம்” என்று மொழிந்தாள். கோயிலுக்குக் கீழே நீர் என்ற சொல், எங்கள் தென்மதிலை நினைவூட்டியதால், என்னை எழச் செய்தது.

விஞ்செஸ்டர் இன்று சிறுநகரம். ஆயினும் ஒருகாலத்தில் வெசெக்சு அரசின் தலைநகராக விளங்கியது. கி.பி. 871 முதல் 899 வரை அரசாண்ட ஆல்பிரட் மன்னன் இந்நகரிலேயே அடக்கம் செய்யப்பெற்றான். அவனைப் பற்றி நம்மனோர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆங்கிலோ சாக்சன் ஆண்டுக்குறிப்பின் சில படிகளில், 883-ஆம் ஆண்டின்கீழ், அம்மன்னன் உரோமைக்கும், இந்தியாவிலுள்ள தோமையர்க்கும் பார்த்தலோமையர்க்கும் காணிக்கை அனுப்பினான் என்று காணப்படுகிறது. அச்சொல் இந்தியாவைக் குறிப்பதோ, யூதேயா என்பதன் பிழைபட்ட வடிவமோ என்று அறிஞர் ஐயுறுவர். இந்தியாவே எனக் கொள்வோருள் சிலர், அக்காணிக்கை நம் மயிலாப்பூரைக் கருதியது என்பர். துணிதற்கு இயலாதெனினும், கபாலீச்சரம் விளங்கும் மயிலையின் பெயர் இந்நகரத்துப் பழைய அரசன் ஒருவனோடு இயைத்துப் பேசப்படுதல் கேட்டு யான் மகிழ்ந்தேன்.

புகைவண்டி நிலையத்தினின்று கடைத்தெரு வழியே இறங்கிச் சென்றோம். இலையுதிர்ந்த லைம் மரங்கள் இருபுறமும் நிற்கும் நடைபாதையின் முடிவில் பேராலயத்தின் மேற்கு முகப்புத் தோன்றியது. நம் நாட்டுக் கோபுரங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு முதற்பார்வையில் அஃது அத்துணை உயர்ந்ததாகத் தோன்றவில்லை. நடுக்கோபுரம் மிகவும் குட்டையானது. ஆனால் அதன் நீளமோ கண்ணுக்கடங்காதது. மேற்கினின்று கிழக்குவரை ஏறத்தாழ 558 அடி என்றார்கள். இடைக்காலத்தில் எழுந்த ஐரோப்பியப் பேராலயங்களுள் மிக நீண்டவற்றுள் இது வைத்தெண்ணப்படுவது.

கோயிலின் வடபுறத்துப் புல்வெளியில் செங்கல் வரிகளால் ஒரு பழங்கட்டடத்தின் அளவு குறிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 648-ஆம் ஆண்டில் கட்டப்பெற்றுப் பின்னர்ப் பலகாலும் விரிவாக்கப்பட்ட பழைய ஆலயம் நின்ற இடம் அது. 1960-களில் நடந்த அகழ்வாராய்ச்சியால் அதன் அடித்தளம் வெளிப்பட்டது. அதனுள்ளே ஓரிடத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் இந்நகரின் அத்தியட்சராக இருந்த சுவிதுன் என்னும் பெரியார் முதலில் அடக்கம் செய்யப்பெற்ற இடமும் குறிக்கப்பட்டுள்ளது.

சுவிதுனின் வரலாறு பெரிதும் கேள்வி வழிப்பட்டது. வறிய மூதாட்டி ஒருத்தி பாலத்தில் தவறவிட்டு உடைத்த முட்டைகளை அவர் மீண்டும் முழுமையாக்கித் தந்தார் என்பர். தாம் இறந்தபின் தம் உடலை ஆலயத்தினுள்ளே உயர்ந்தோர் நடுவே வையாது, வெளியே, வழிச்செல்வோர் கால் படவும் கூரையினின்று சொட்டும் மழைநீர் விழவும் ஏற்ற இடத்திற் புதைக்குமாறு அவர் வேண்டிக்கொண்டார் என்றும் சொல்வர். ஒரு நூற்றாண்டிற்கு மேலாக அவ்வாறே கிடந்தார். 971-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள், பின்வந்தோர் அவர் என்பை எடுத்து ஆலயத்தினுள் உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றினர். சூலை 15-இல் மழை பெய்தால் நாற்பது நாள் விடாது பெய்யும் என்று ஆங்கில நாட்டுப் பொதுமக்கள் இன்றும் சொல்லும் வழக்கு இவர் பெயராலேயே வந்தது. அக்குறியின் அருகில் நின்றபொழுது மென்தூறல் விழுந்தது. வழிச்செல்வோர் காலடியைத் தாமே கேட்டுப் பெற்ற பெரியவரைப் பற்றி மகன் எடுத்துரைக்க, எங்கள் கோயிற் பெயர்க்கல்லின் கடைசி வரி என் நினைவில் வந்தது. யான் ஒன்றும் பேசாது உள்ளே நடந்தேன்.

நார்மானியர் ஆங்கில நாட்டை வென்றபின், வால்க்கெலின் என்னும் அத்தியட்சர் 1079-ஆம் ஆண்டில் இப்பொழுதுள்ள பேராலயத்தைத் தொடங்கினார். வைட்டுத் தீவினின்று கல் கொணரப்பட்டது. மரம் குறித்து ஒரு கதை வழங்குகிறது. குறித்த சில நாளுள் தச்சர் வெட்டி எடுக்கக்கூடிய அளவு மரத்தைத் தன் காட்டினின்று எடுத்துக்கொள்ளுமாறு வில்லியம் மன்னன் இசைவு தந்தானாம். அத்தியட்சர் நாட்டிலுள்ள தச்சரையெல்லாம் திரட்டிச் சென்று, அக்காலத்திற்குள் காடு முழுவதையும் வெட்டி முடித்தாராம். 1093-இல் துறவிகள் புதிய ஆலயத்திற் குடிபுகுந்தனர். சுவிதுனின் பேழையும் அவ்வாண்டு சூலை 15-இல் இங்குக் கொணரப்பட்டது. மறுநாளே பழைய ஆலயத்தை இடிக்கத் தொடங்கினர். 1107-இல் நடுக்கோபுரம் இடிந்து வீழ்ந்தது. கொடியவன் எனப் பெயர்பெற்ற இரண்டாம் வில்லியம் மன்னனை அதன்கீழ் அடக்கம் செய்தமையே காரணம் என்று அக்காலத்தார் சிலர் கூறினர். கட்டடக் கலை அறிந்தோர்க்குக் காரணம் வேறாகத் தோன்றும்.

உள்ளே நுழைந்தவுடன் நடுக்கூடத்தின் உயரம் தலையை அண்ணாக்கச் செய்கிறது. நார்மானியர் எடுத்த பருத்த தூண்களை முற்றும் அகற்றிவிடாது, பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடிங்டன், விக்கம் என்னும் அத்தியட்சர் இருவர் காலத்தில் தொடங்கி, செதுக்கியும் புதுக்கல் போர்த்தும் இப்போதைய மெல்லிய வரித்தூண்களாக்கினர் என்று அறிந்தேன். பழங்கல்லை உள்ளே வைத்துப் புதுவடிவம் தந்த அத்திறம் நம் சிற்பியரும் பாராட்டத்தக்கது.

வடபுறத் தாழ்வாரத்தில் ஒரு கருங்கற் பலகையின்மேல் சிலர் குனிந்து நின்றனர். புகழ்பெற்ற புதின ஆசிரியையான சேன் ஆஸ்டின் அம்மையார் 1817-இல் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. அவர்தம் நற்குணமும் அறிவும் பொறுமையும் அக்கல்லில் எழுதப்பட்டுள. ஆனால் அவர் நூல் எழுதியவர் என்பது அதில் ஒரு சொல்லாலும் கூறப்பட்டிலது. அவர் எழுத்தைக் குறிக்கும் பித்தளைப் பலகை 1872-இலேதான் அருகிற் சுவரில் வைக்கப்பட்டது.

மேற்குச் சாளரத்தின் வண்ணக் கண்ணாடியும் காணத்தக்கது. 1642-இல் உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையினர் உட்புகுந்து சாளரங்களை உடைத்தனர். பழைய அரசரின் என்புகளைப் பேழைகளினின்று எடுத்தெறிந்து கண்ணாடியை உடைத்தனர் என்றும் சொல்வர். மன்னராட்சி 1660-இல் மீண்டபின், சிதறிய துண்டுகளைச் சேர்த்து அச்சாளரத்தில் மீண்டும் பொருத்தினர். எந்த உருவத்தின் துண்டு எது என்று தெரிந்து கூட்டவியலாமையால், முகமும் கையும் ஆடையும் எழுத்தும் கலந்து கிடக்கின்றன. உருவம் ஒன்றும் தெரியாவிடினும் ஒளி அதன்வழியே குறைவின்றி உள்ளே வருகிறது.

கீழைப் பகுதிக்குச் சென்றோம். சுவிதுனின் பேழை வைக்கப்பட்டிருந்த மேடையின்கீழ்ச் சிறு புழையொன்று உள்ளது. யாத்திரிகர் அதனுள் தவழ்ந்து சென்று, அப்பெரியார் என்பின் அணிமையில் இருந்து வேண்டிக்கொள்வார்களாம். 1538-இல் எட்டாம் என்றி மன்னனின் ஆணையால் அத்திருவிடம் அழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் துறவிகளின் மடமும் கலைக்கப்பட்டது. ஆயினும் யாத்திரிகர் நடந்த பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தளவோடுகள் இன்றும் காலின்கீழ்க் கிடக்கின்றன. பலர் மிதித்து மிதித்து அவற்றின் ஓவியம் தேய்ந்துவிட்டது.

இந்தக் கீழைப் பகுதிதான் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. ஏறத்தாழ 1202-இல் தெ லூசி என்னும் அத்தியட்சர் இதனை எழுப்பினார். இச்சென் என்னும் சிற்றாறு பாயும் பள்ளத்தாக்கு இது. மேல்மண்ணின் கீழே, இலைதழை மக்கிக் கறுத்த சதுப்பு மண் ஆழமாகப் பரவியுள்ளது. அதன்கீழேதான் சரளைப்படுகை கிடைக்கும். சதுப்பில் நீர் ஊறிக்கொண்டேயிருந்தமையால், அக்காலத்தார் சரளை மட்டும் தோண்டவியலாது, பீச்சு மரக்கட்டைகளைத் தெப்பம் போல அடுக்கி, அதன்மீது கற்சுவரை எழுப்பினர். அம்மரத்தெப்பம் எழுநூறு ஆண்டுகள் அப்பெருஞ்சுமையைத் தாங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தளர்ந்தது. சுவர்கள் வெளிப்புறம் சாய்ந்தன, வளைவுகளில் விரிசல் கண்டது, கற்கள் உதிர்ந்தன. 1905-இல் கட்டடக் கலைஞர் சாக்சன் என்பாரும் பொறியியலறிஞர் பிரான்சிசு பாக்சு என்பாரும் ஆராய்ந்து, சுவர்களின் கீழே சரளைவரை குழி தோண்டிப் புதிய அடித்தளம் இடுவதே வழி எனக் கண்டனர்.

ஆனால் தோண்டிய குழிகளில் நீர் நிறைந்தது. நீரை இறைத்தாலோ சுற்றியுள்ள மண்ணும் உடன் இழுக்கப்பட்டுச் சுவர் முழுதும் வீழ்ந்துவிடும். இறைக்காவிடின் கொத்தர் உள்ளிறங்க இயலாது. இவ்விடர்ப்பாட்டை எங்கள் தென்மதிலில் யானும் கண்டவனாதலின், மகன் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தி, “பின் என்ன செய்தார்கள்?” என்று ஆவலுடன் வினவினேன்.

அருகில் நின்ற முதிய அம்மையார் ஒருவர் எங்கள் முகக்குறிப்பைக் கண்டு அணுகினார். வருவோர்க்குக் கோயிலைக் காட்டும் பணியைக் கூலியின்றிச் செய்பவர் அவர். “மூழ்குபவர் ஒருவரை இறக்கினார்கள்” என்று கூறி, சிறிய வெண்கலச் சிலை ஒன்றைக் காட்டினார். வில்லியம் வாக்கர் என்பது அவர் பெயர். தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்போரை நாம் அறிவோம். இவர் குளித்தது கோயிற் சுவரின்கீழ்க் கரிய சேற்றுநீரில். 1906 முதல் 1911 வரை, நாளொன்றுக்கு ஆறு மணிநேரம், இருநூறு இராத்தல் அளவான கனத்த உடை பூண்டு, ஏறத்தாழ இருபதடி ஆழத்தில் இறங்கினார். அந்நீரில் விளக்கொளி பயன்படாமையால் கைத்தடவலே கண்ணாயிற்று. எஞ்சிய சதுப்பு மண்ணை வெட்டி எடுத்து, சரளையின்மேல் காரைமூட்டைகளை அடுக்கி ஊற்றை அடைப்பார். அதன்பின் நீரை இறைத்துவிட்டுக் கொத்தர் இறங்கிக் காரைக்கட்டியும் செங்கல்லும் வைத்துச் சுவர்வரை கட்டுவர். அவ்வாறு அமைந்த குழிகள் 235 என்பர். 25,800 காரைமூட்டைகளும், 114,900 காரைக்கட்டிகளும், 900,000 செங்கற்களும் பயன்பட்டன. 1912 சூலை 15-ஆம் நாள், சுவிதுனுக்குரிய அந்நாளிலேயே, ஐந்தாம் சார்சு மன்னர் முன்னிலையில் நன்றி வழிபாடு நடந்தது. வாக்கருக்கு அரச விருதும் தரப்பட்டது. 1918-இல் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சலில் அவர் இறந்தார்.

அம்மையார் பின்னும் ஒன்று கூறினார். 1964-இல் வாக்கருக்கு முதலில் ஒரு சிலை வைத்தார்களாம். பழைய ஒளிப்படம் ஒன்றில் ஆளை மாற்றிக் கருதியமையால், அதிற் பொறியியலறிஞர் பாக்சின் முகமே வடிக்கப்பட்டுவிட்டது. பிழை உணரப்பட்டும் நெடுங்காலம் கழித்து, 2001-இலேதான் வாக்கரின் உண்மை முகத்தோடு இச்சிலை நிறுவப்பட்டது. “இத்தனை ஆண்டுகளும் அவருடைய பெயரும் வேறொருவர் முகமும்!” என்று சொல்லி அவர் நகைத்தார்.

யான் நகைக்கவில்லை. “இவரோடு வேறு எவரும் வேலை செய்யவில்லையா?” என்று மகன் வாயிலாக வினவினேன். “ஏறத்தாழ நூற்றைம்பது பேர் செய்தார்கள். குழி தோண்டியோரும் நீர் இறைத்தோரும் கொத்தருமாக” என்றார். “அவர்கள் பெயர் எங்கே பொறிக்கப்பட்டுள்ளது?” என்றேன். அம்மையார் சற்று நின்று, கையை விரித்து மேலே கூரையைக் காட்டினார். அதற்கு அவர் வேறு விடை கூறவில்லை.

அதன்பின் நிலவறையைக் காணச் சென்றோம். மாரிக்காலத்தில் அதனுள் நீர் புகுந்து நிற்கும். வாயிலில் அமைந்த மேடையினின்றே பார்க்கலாம். பருத்த குறுந்தூண்கள் வரிசையாக நிற்க, அவற்றிடையே அசைவற்ற நீர் கிடந்தது. நீரின் நடுவே ஈயத்தாலான ஓர் ஆளுருவம் தலைகவிழ்ந்து, இரு கைகளையும் ஏந்தி நின்றது. ஆண்டனி கார்ம்லி என்னும் சிற்பி தம் உடலையே அச்சாகக் கொண்டு 1986-இல் அமைத்தது. பேத்தி, “தாத்தா, அவர் கையில் தண்ணீர் வைத்துக்கொண்டு என்ன பார்க்கிறார்?” என்றாள். எனக்கு அப்பொழுது அவ்வுருவம் தெரியவில்லை. எங்கள் கோயில் தென்மதிலின்கீழ்த் தோண்டிய குழியில், இடுப்பளவு நீரில் நின்று, சேற்றை வாளியில் அள்ளி மேலே தந்த இருவர் தோன்றினர். நான்கு நாள் அவர்கள் அங்கே நின்றனர். நாடோறும் மாலையில் அவர்கட்குக் கூலி எண்ணித் தந்தவன் யானே. அவ்விருவர் பெயரையும் நினைவிற் கொணர முயன்றேன். வரவில்லை. முகமும் தெளிவாக வரவில்லை. என் பெயரின் ஓரெழுத்துப் பிழைக்காக மூன்றாண்டுகள் இறைவன் திருமுன் செல்லாதிருந்த யான், அம்மதிலைத் தாங்க நீரில் நின்றோர் பெயரைக் கேட்டறியவும் இல்லை என்பது அந்நிலவறை வாயிலில் எனக்குப் புலனாயிற்று. உழவாரப் படையைக் கையிலேந்திய அப்பர் பெருமானை நாடோறும் பாடுபவன் செய்யத்தக்க செயலா இது?

வெளியே வந்தோம். பேராலயத்தின் தென்புறத்தில் பழைய மடத்தின் எச்சங்கள் உள்ளன. யாத்திரிகர் மண்டபம் எனப்படும் ஒரு கூடத்தின் மரக்கூரை பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அப்பாற் சென்றால் நகர்மதிலின் வாயில் ஒன்றும், அவ்வாயிலின் மேலேயே அமைந்த சிறு சுவிதுன் ஆலயமும் காணலாம். அருகே 1382-இல் விக்கம் நிறுவிய கல்லூரி இன்றும் பள்ளியாக நடைபெறுகிறது. அங்கிருந்து இச்சென் ஆற்றின் கிளைகளும் ஈரப் புல்வெளியும் சூழ்ந்த பாதையில் ஒரு கல் தொலைவு நடந்தோம். சீமைச்சுண்ணாம்புப் பாறையில் ஊறிவரும் அவ்வாற்றுநீர் அடியிலுள்ள பாசியிழைகளும் தெரியுமளவு தெளிந்தது. கீட்சு என்னும் கவிஞர் 1819-இல் இவ்வெளிகளில் உலவியவர்.

பாதையின் முடிவில் தூய சிலுவை அறச்சாலை உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், 1130-களில், என்றி என்னும் அத்தியட்சர் பதின்மூன்று ஏழை முதியோர்க்கு உறையுளாகவும், நாடோறும் நூறு ஏழைகட்கு உணவு தருமிடமாகவும் இதனை அமைத்தார். வழிப்போக்கர் கேட்பின் சிறு உரொட்டித் துண்டும் கொம்புக் குவளையிற் சிறிது மதுவும் தரும் வழக்கம் வழிவழியாக வருவது. மதுவை விலக்கி உரொட்டித் துண்டை மட்டும் யான் ஏற்றேன். தந்தவர் என் பெயரையும் ஊரையும் சமயத்தையும் வினவவில்லை. நம் நாட்டு அன்னச்சத்திரங்களின் நினைவு வந்தது. அன்று திருவாதிரைக் களி உண்ணாத வாய்க்கு அத்துண்டு இனித்தது.

மாசித் திங்களில் ஊர் திரும்பினேன். வந்த மறுநாள் திருப்பணிக் கணக்கேட்டை எடுத்துப் பிரித்தேன். சுண்ணாம்பு இத்தனை மூட்டை, கல் இத்தனை வண்டி என்று எல்லாம் பிழையின்றி என் கையெழுத்தில் இருந்தன. தென்மதிற் பக்கத்தில், “நீர் இறைத்த கூலியாள் இருவர், நான்கு நாள்” என்று மட்டும் எழுதியிருந்தேன். என் பெயர்க்காவது ஒரு வரி கிடைத்தது. அவர்கட்கு என் ஏட்டிலும் இடமில்லை.

அன்று மாலை கோயிலுக்குச் சென்றேன். ஓதுவார் என்னைக் கண்டு, “ஐயா, வாருங்கள்” என்றாரேயன்றி, மூன்றாண்டு குறித்து ஒன்றும் கேட்கவில்லை. உடல்நலமில்லை என்று முன்னர் உரைத்தது பொய் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். பின்னர் அறங்காவலரிடம் சென்று, அன்று பேசிய கடுஞ்சொற்கட்குப் பிழைபொறுக்குமாறு வேண்டினேன். அவர், “கல்லைத் திருத்திவிடலாம், ஐயா, தச்சனுக்குச் சொல்லி அனுப்புகிறேன்” என்றார். வேண்டாமென்று தடுத்தேன்.

நீர் இறைத்த இருவரையும் தேடினேன். பலரை வினவிய பின்னர், ஒருவர் அடுத்த ஊர்ச் செங்கற்சூளையில் வேலை செய்கிறார் என்று தெரிந்தது. மற்றவர் இறந்துவிட்டார். சூளைக்குச் சென்று அவரைக் கண்டு, இருவர் பெயரையும் கேட்டு, கணக்கேட்டில் அவ்வரியின் மேலேயே எழுதிக்கொண்டேன். எதற்காக எழுதுகிறேன் என்பது அவர்க்கு விளங்கவில்லை. பெயர்க்கல் ஒன்று அங்கிருப்பதையே அவர் அறியார். யான் தடுமாறி ஏதோ விளக்கத் தொடங்கினேன். அவர் கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே இடைமறித்து, “அந்த மதில் இப்பொழுது அசையாமல் நிற்கிறதா, ஐயா?” என்று கேட்டார்.

நிற்கிறது என்றேன்.

இப்பொழுது திங்கட்கிழமைதோறும் விடியலில் அத்தென்மதிலின் அடியிற் புல் செதுக்கி, மழைநீர் தேங்காது வாய்க்காலைத் திருத்திவருகிறேன். இறைவன் திருவருள் அதற்குத் துணைசெய்க.

திருச்சிற்றம்பலம்.